வேலி இல்லாத கரையில் ஒரு பிட் புல் குட்டி

மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மன்னார் வளைகுடாவை ஒட்டிச் செல்லும் ஊர்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே மதில் இருக்கும் வீடுகள் குறைவு. பனையோலை வேலி கட்டியிருக்கும் இடத்திலும் ஓர் ஆடு நுழைந்து போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஒரு முற்றத்தில் விரித்த வலையின் மறுமுனை பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும். பிள்ளைகள் மதியம் யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்பதை மாலையில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய ஊர்களுக்குள் சில ஆண்டுகளாகப் பிட் புல் இன நாய்க்குட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கைப்பேசியில் பார்த்த காணொளிகளே அவர்களுடைய பாடநூல். அந்தக் காணொளிகளும் பயிற்சிக் குறிப்புகளும் மதிலும் இரும்புக் கதவும் உள்ள வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் கரையில் நாயின் எல்லையைச் சுவர் காக்காது. குட்டியாக இருக்கும்போதே பழக்கிய பழக்கமும், வளர்ப்பவர் பிடித்திருக்கும் கயிறும்தான் அதைக் காக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த எல்லையை எப்படி உருவாக்குவது என்பதைப் பற்றியது.

முதலில் இந்த நாய் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பயிற்சியில் எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை அந்த வரலாறே சொல்லிவிடுகிறது. பிரிட்டனில் கட்டிப்போட்ட காளையின் மீது நாய்களை ஏவிவிடும் கொடிய விளையாட்டு 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட பிறகு, நாயோடு நாயை மோதவிடும் சூதாட்டம் மறைவான இடங்களில் வளர்ந்தது. காளையைப் பிடித்த புல்டாக் வகையின் வலிமையையும் டெரியர் வகையின் சுறுசுறுப்பையும் கலந்து அதற்காகவே நாய்கள் உருவாக்கப்பட்டன. அவை அமெரிக்காவுக்குச் சென்று, 1898-இல் தொடங்கப்பட்ட யுனைட்டெட் கென்னல் கிளப் என்ற நாய் இனப் பதிவு அமைப்பில் 'அமெரிக்கன் பிட் புல் டெரியர்' என்ற பெயரில் பதிவாயின. அந்த அமைப்பின் தர வரையறைப்படி வளர்ந்த ஆண் நாயின் எடை ஏறக்குறைய 16 முதல் 27 கிலோதான். ஆளைவிடப் பெரிய மிருகம் என்ற எண்ணத்தோடு பார்ப்பவர்களுக்கு இந்த அளவு வியப்பாக இருக்கும். இதன் தாடையில் பூட்டு இருக்கிறது, கடித்தால் தானாகத் திறக்காது என்று நம் ஊர்களில் உறுதியாகச் சொல்வார்கள். அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் தாடையிலும் கிடையாது. இருப்பது விடாப்பிடி: பிடித்ததை விடாமல், வலித்தாலும் பின்வாங்காமல் நிற்கும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினார்கள். எடையைவிடவும் பல்லைவிடவும் கவலைப்பட வேண்டியது இந்தக் குணத்தைப் பற்றித்தான்.

அதே நேரத்தில், இனத்தை வைத்தே ஒரு நாயின் சுபாவத்தைச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டது. பிட் புல் அன்பான நாய் என்று வாதிடுபவர்கள் இந்த எண்ணை எடுத்துக்காட்டுகிறார்கள், அது நியாயமே. ஆனால் கடிக்குமா என்பது ஒரு கேள்வி, கடித்தால் என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. தெருநாய் ஒன்று பயந்து ஒருமுறை கவ்விவிட்டு ஓடுவதற்கும், வலிமையான தாடையுள்ள நாய் பிடித்த பிடியை விடாமல் உலுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சராசரிக் கணக்கும் குறைத்துவிடாது. 2022 ஜூலையில் லக்னோவில் ஒரு மூதாட்டி தம் வீட்டிலேயே வளர்ந்த பிட் புல்லால் உயிரிழந்தார். குட்டி வாங்குகிறவர் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டத்தின் நிலையும் அசைந்துகொண்டே இருக்கிறது. 2024 மார்ச் 12 அன்று ஒன்றியக் கால்நடைத் துறை, பிட் புல் டெரியர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதியையும் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்து பேசவில்லை என்ற காரணத்தால் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட் புல், ராட்வைலர் ஆகிய இரண்டுக்கும் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்தியது. ஆகவே குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ அன்றைய விதி என்ன என்று கேட்டு அறிவது முதல் வேலை. மாறாத விதிகளும் சில உண்டு. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியைத் துணிப்பையில் வைத்துப் பேருந்து நிலையத்தில் கைமாற்றுகிறவரிடம் வாங்குவது சட்டப் பிழை என்பதோடு, தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கடியின் அளவைக் கற்கும் வாரங்களை அந்தக் குட்டியிடமிருந்து பறிப்பதும் ஆகும். காதை வெட்டிக் கூராக்கிய குட்டியை வாங்காதீர்கள். அது அழகுக்காகச் செய்யப்பட்ட கொடுமை. வளர்த்த நாயால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம்தான் மிக விலைமதிப்புள்ள காலம். நாய்க்குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரங்களில் மெல்ல மூடிக்கொள்கிறது என்பதை 1960-களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். எட்டாம் வாரத்தில் வரும் குட்டிக்கு அதில் ஏறத்தாழப் பாதி கழிந்துவிட்டிருக்கும். இந்தக் காலத்தில் அது எதையெல்லாம் அமைதியாகப் பார்த்துப் பழகுகிறதோ, அவையெல்லாம் பிற்காலத்தில் அதற்குச் சாதாரணமாகிவிடும். நம் கரையில் இதற்குப் பஞ்சமே இல்லை: வல்லப் படகின் எஞ்சின் உறுமல், தலையில் மீன் கூடையோடு வேகமாக நடக்கும் பெண்கள், ஹெல்மெட் போட்ட ஆள், மழைக்கோட்டு, தடி ஊன்றி நடக்கும் முதியவர், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தேவாலயத் திருவிழா வெடி, பாம்பன் பக்கத்தில் என்றால் ரயிலின் அதிர்வு. ஒவ்வொன்றையும் முதலில் தொலைவிலிருந்து காட்டி, குட்டி பார்க்கும்போதே ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுத்து, அது நிம்மதியாக இருந்தால் மறுநாள் நாலடி நெருங்க வேண்டும். பதறினால் பின்னால் வந்துவிட வேண்டும். பழகட்டும் என்று அங்கேயே பிடித்து நிறுத்துவது அச்சத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்வோ என்னும் குடல் நோய் தடுப்பூசி முடியாத குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடியது. பிட் புல் குட்டிகள் அதற்கு எளிதில் இலக்காகும் இனங்களில் ஒன்று. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை அந்த ஊசிகள் தொடர வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. அதுவரை குட்டியைத் தரையில் விடாமல் தோளிலோ கூடையிலோ வைத்து ஊரைக் காட்டலாம். சைக்கிள் முன்கூடையில் ஒரு குட்டியை உட்கார வைத்துத் துறைக்குப் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வருவதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. தெருநாய்கள் மலம் கழிக்கும் மணலில் மட்டும் இறக்கிவிடக் கூடாது.

இனி வாய். வலை பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றில் நான் கண்ட காட்சி இது. மூன்று மாதக் குட்டி ஒன்று நைலான் கயிற்றின் முனையைக் கவ்வியிருந்தது. ஓர் இளைஞர் கயிற்றை மெல்ல மேலே இழுக்க, குட்டியின் பின்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. கண்ணை இடுக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டபடி அது தொங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, பிடிக்கக் கத்துக்குடுத்துட்ட. விடுறதுக்கு யாரு கத்துக்குடுப்பா?" அவர் கேட்டதுதான் இந்த இனத்தின் பயிற்சியில் நடுநாயகமான கேள்வி. பிடிக்க அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது இரத்தத்திலேயே இருக்கிறது. பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் வயதில் தொங்கவிடுவது பல்லுக்கும் கழுத்துக்கும் கேடு என்பது ஒருபுறம். விடாமல் இருந்தால் கைதட்டல் கிடைக்கும் என்று அது பாடம் படித்துவிடுகிறது என்பதே பெரிய கேடு.

கயிற்று விளையாட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. அதைத் தலைகீழாக்கினால் போதும். கயிற்றைக் குட்டி கவ்வியதும் உங்கள் கையை அசைவில்லாமல் நிறுத்துங்கள். இழுபறி இல்லாத கயிற்றில் சுவையில்லை. மூக்கருகே முள் நீக்கிய வேகவைத்த மீன் துண்டைக் காட்டினால் வாய் திறக்கும். திறக்கும் அந்த நொடியில் "விடு" என்ற சொல்லைச் சொல்லி மீனைக் கொடுங்கள், உடனே கயிற்றையும் திரும்பக் கொடுங்கள். விட்டால் மீனும் கிடைக்கிறது, விட்ட பொருளும் திரும்பி வருகிறது என்று கண்டுகொண்ட குட்டி, சில நாட்களில் சொல்லைக் கேட்டதுமே வாயைத் திறக்கும். பிறகு கயிற்றுக்குப் பதில் செருப்பு, எலும்பு, சோற்றுத் தட்டு என்று மெல்ல மாற்றிக்கொண்டு போகலாம். கையைக் கடித்து விளையாடினால் அடிக்காமல், குரல் உயர்த்தாமல், எழுந்து அப்பால் போய்விடுங்கள். பல் பட்டால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை ஒரு வாரத்தில் அது புரிந்துகொள்ளும். வாயில் அடிப்பதும் தரையில் புரட்டி அமுக்குவதும் இன்னும் பல வீடுகளில் நடக்கின்றன. உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் உறுமுவதைத்தான் நிறுத்தும், கடிப்பதை நிறுத்தாது. எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி "சிட்" என்பார், அப்பா "உக்காரு" என்பார், பாட்டி "சும்மா கெட" என்பார். குட்டி மூவரையும் பார்த்துக்கொண்டு நிற்கும். வா, உட்கார், இரு, விடு என்ற நான்கு சொற்களை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வது என்று முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மீன்பிடிக் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டோடு இருப்பார்கள்; அப்போது வாங்கிய குட்டி முழு நாளும் அவர்களோடே திரிந்து அவர்கள் குரலுக்கு மட்டும் பழகிவிடும். தடை நீங்கி அவர்கள் கடலுக்குப் போகும் நாளில், நாலு மாத நாய் யார் சொல்லையும் கேளாத நாயாக வீட்டுப் பெண்களின் பொறுப்பில் நிற்கும். கயிறு பிடிக்கப் போகிறவர் எவரோ அவரே முதல் நாள் முதல் சோறு போட்டு, சொல் பழக்கி, நடை கூட்டிப்போக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் இல்லாதவர்கள் செய்வது சங்கிலி போடுவது. படகு நங்கூரம் போட்டது போல நாயை வேப்பமரத்தில் கட்டிவிட்டால் ஊருக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994-இல் வெளியான ஆய்வில், கடித்த நாய்களிடையே முற்றத்தில் சங்கிலியில் கட்டப்பட்டவையும் கருத்தடை செய்யப்படாத ஆண் நாய்களும் தெளிவாக மிகுந்திருந்தன. காரணத்தை யூகிப்பது கடினமில்லை. விலகிப் போக இடமில்லாத நாய்க்கு எதிர்த்து நிற்பதைத் தவிர வழியில்லை. கண்முன்னே ஓடும் பிள்ளைகளையும் ஆட்டையும் நாள் முழுவதும் எட்ட முடியாமல் இழுத்து இழுத்து, அதற்குள் ஒரு வெறி ஊறிவிடுகிறது. சங்கிலி அறுந்த நாளில் நடப்பதை நாம் செய்தியில் படிக்கிறோம். சங்கிலிக்குச் செலவிடும் மனத்தை ஒரு கம்பிவலை அடைப்புக்குச் செலவிடுங்கள். ஆறடிக்குக் குறையாத உயரம், அடியில் தோண்ட முடியாதபடி புதைத்த கல், மேலே கீற்றுக் கூரை, உள்ளே தண்ணீர்த் தொட்டி. நம் மணல் மிக எளிதாகத் தோண்டப்படும் மண் என்பதால் அந்தக் கல் வரிசை மிகத் தேவை. ஆளில்லாத நேரத்தில் அதற்குள் இருக்கட்டும். மற்ற நேரம் வீட்டு மனிதர்களோடு இருக்கட்டும்.

களத்தில் போரடிக்கும் காளைக்கு வாய்க்கூடு போடுவதை நம் தாத்தாக்கள் அறிவார்கள். நாய்க்கும் கூடை வடிவில் அது கிடைக்கிறது: வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுவது, துணியால் இறுக்கிக் கட்டுவது போன்றதன்று. அதைத் தண்டனையாகப் பழக்காமல் விருந்தாகப் பழக்க வேண்டும். கூட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் கெட்டித் தயிரைத் தடவிக் கையில் பிடித்திருங்கள். குட்டி தானே மூக்கை உள்ளே விட்டு நக்கும். வாரை மாட்ட அவசரப்படாதீர்கள். பத்து நாள் இப்படித் தயிர் நக்கிய குட்டி, கூட்டைக் கண்டாலே ஓடிவந்து மூக்கை நீட்டும். அப்போது ஒரு நிமிடம் மாட்டிக் கழற்றுங்கள், பிறகு ஐந்து நிமிடம். நான்கு மாதத்தில் பழகிய நாய் ஆயுள் முழுவதும் முணுமுணுக்காமல் அதைப் போட்டுக்கொள்ளும். பேருந்து நிறுத்தம், சந்தை, கால்நடை மருத்துவமனை ஆகிய இடங்களில் அது இருந்தால் அடுத்தவரும் நிம்மதியாக நிற்பார், உங்கள் நாயும் கல்லடி படாது.

ஏமாறுவது இரண்டாம் ஆண்டில். ஐந்து மாதக் குட்டி தெருநாய்களோடு கட்டிப் புரண்டு விளையாடும். ஆட்டுக்குட்டியின் முகத்தை நக்கும். எல்லாரும் "பாருங்க, எவ்வளவு சாது" என்பார்கள். பருவமடைவது ஆறு முதல் ஒன்பது மாதத்தில், ஆனால் நாயின் குணம் நிலைபெறுவது ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். பிற நாய்களின் மீது பொறுமை குறைவது இந்த இனத்தில் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் தலைகாட்டும். நேற்றுவரை விளையாடிய நாய் இன்று உடலை விறைத்து, வாலை உயர்த்தி, ஒரே பார்வையாகப் பார்த்து நிற்பதைக் கண்டால், அதைப் பயிற்சியின் தோல்வி என்று எண்ணி வருந்தவும் வேண்டாம், சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் வேண்டாம், தூரத்தைக் கூட்டுங்கள். மேய்ச்சலுக்கு ஆடுகளை அவிழ்த்துவிடும் ஊரில் இந்த நாயைக் கயிறில்லாமல் நடத்துவது எந்த வயதிலும் முறையன்று. ஓட்டம் வேண்டுமென்றால் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டி, காலை ஆறு மணிக்கு ஆளில்லாத கரையில் ஓடவிடுங்கள். "அண்ணே, ஆடு வருது, கயித்தப் புடிச்சுக்கங்க" என்று எதிரே வரும் அக்கா குரல் கொடுத்தால் கோபித்துக்கொள்ளாமல் சுருட்டிப் பிடியுங்கள். அந்த ஆடு அவருடைய வங்கிக் கணக்கு.

கரையில் வேறு உயிர்களும் உண்டு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிட வரும் மணலை நாய் தோண்டினால் ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் அழியும். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஓய்வெடுக்கும் பறவைக் கூட்டத்தின் மீது நாயை விரட்டவிட்டுப் படம் எடுப்பது குற்றம்.

உடல்நலத்தில் நம் கரைக்கே உரிய சில ஆபத்துகளை மட்டும் சொல்கிறேன். துறையில் ஒதுக்கி எறியப்படும் பேத்தை மீனில் டெட்ரோடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது, கவ்விய நாய் சில மணி நேரத்தில் மூச்சுத் தசை செயலிழந்து இறக்கலாம். "விடு" என்ற சொல்லின் முழு மதிப்பும் அங்கேதான் தெரியும். கெளுத்தி முள்ளும் தூண்டில் கொக்கியும் தொண்டையில் மாட்டினால் இழுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். கருவாட்டின் உப்பு நாய்க்கு ஆகாது. இந்த இனத்தின் முடி குட்டையானது; வெள்ளை நிறக் குட்டியின் வயிற்றுத் தோலும் மூக்கும் நம் வெயிலில் வெந்து புண்ணாகும். நாய்க்கு மனிதரைப் போல வியர்க்காது, நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்; காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இளைப்பும் பலன் தராது. ஆகவே ஒன்பது மணிக்குமேல் நடை வேண்டாம். புறங்கையை மணலில் ஏழு நொடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகவேண்டும். உண்ணியால் வரும் காய்ச்சலும் இங்கே மிகுதி. காது மடிப்பையும் விரலிடுக்கையும் தினமும் தடவிப் பாருங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் விதி ஒன்றே: பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்காமல் நாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, ஐந்து நிமிடமானாலும் சரி. அதையும் மீறி எவருக்கேனும் பல் பட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். செலவும் உங்களுடையது, மன்னிப்புக் கேட்கவேண்டியதும் நீங்கள்தான்.

பிட் புல் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு வாழும். கீழக்கரையிலும் தொண்டியிலும் இருபத்திரண்டு வயதில் குட்டி வாங்குகிற இளைஞருக்கு இருபத்து நான்கில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ விசா வருவது வழக்கம். அப்போது அந்த நாய்க்குச் சரியாக இரண்டு வயது. குணம் திரும்பும் பருவம். விமான நிலையத்துக்குக் கார் கிளம்பும்போது வாசலில் கயிற்றைப் பிடித்து நிற்கப்போவது அவருடைய அம்மா. குட்டிக்கு விலை பேசுவதற்கு முன் அந்த அம்மாவை உட்கார வைத்து, இருபத்தைந்து கிலோ நாயை உங்களால் பிடிக்க முடியுமா, பிடிக்க விருப்பமா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தக் குட்டி இந்த வீட்டுக்கு உரியதன்று.